நாலு வருஷமா கார்ட்டர் பாம்பு பாக்குறேன்: ஆப்பை நம்புறதா, உதட்டை எண்ணுறதா?

சியாட்டில் பக்கம் வந்த முதல் வசந்தத்துலயே சமாமிஷ் ஆத்தோரம் நடக்கும்போது ஒரு பாம்பு பாதைய குறுக்க கடந்துச்சு. ஊர்ல தண்ணிப்பாம்பு பாத்து வளந்ததால பயம் இல்ல, ஆனா என்ன பாம்புன்னு தெரியாம வீட்டுக்குப் போக மனசு வரல. கார்ட்டர் பாம்புன்னு கூட வந்தவர் சொன்னார், வட அமெரிக்காவுல இருக்குற கோடு போட்ட பாம்பு வகை அது. சரி, எந்த கார்ட்டர்? இந்தப் பக்கம் அதுல மூணு இனம் இருக்கு: காமன், நார்த்வெஸ்டர்ன், வெஸ்டர்ன் டெரஸ்ட்ரியல். மூணுக்குமே பொதுவா நடு முதுகுல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு, மூணுமே முட்டை போடாம குட்டி போடுற ஜாதி.

முதல் வருஷம் முழுக்க போன்ல போட்டோவ பாத்து பேர் சொல்ற ஒரு ஆப் வச்சுதான் ஓட்டினேன், எது எடுத்தாலும் காமன்னு சொல்லும், நானும் சந்தோஷமா சேவ் பண்ணிடுவேன். தோட்டத்துல பலகைக்கு அடியில ஒரு அடி நீளத்துல, முதுகுல செக்கச்செவேல்னு கோடு போட்ட ஒண்ணு கிடைச்சப்பதான் சந்தேகம் வந்துச்சு. சிவப்புன்னா காமன்னு நானே ஒரு ரூல் வச்சிருந்தேன், அது சுத்த தப்பு. நார்த்வெஸ்டர்னுக்கு அந்தக் கோடு சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம்னு எதுல வேணா வரும், சிலதுக்கு கோடே இருக்காது. நம்ம ஏரியா காமன் கருப்பா, நீலப்பச்சை கோடோட இருக்கும், விலாவுல சிவப்பு இருந்தா உண்டு, இல்லனா இல்ல. கலர வச்சு முடிவு பண்றத அன்னைக்கே விட்டுட்டேன்.

அப்புறம்தான் உதட்டுச் செதில் எண்ண ஆரம்பிச்சேன். முகத்த சைடுல ஒரு போட்டோ, ஷார்ப்பா, அவ்ளோதான். மேல் உதட்டுல 8 இருந்து, அதுல 6ஆவதும் 7ஆவதும் மத்ததவிட உயரமா இருந்தா பெரும்பாலும் டெரஸ்ட்ரியல். 7 வந்தாதான் தலைவலி, ஏன்னா காமனுக்கும் 7, நார்த்வெஸ்டர்னுக்கும் பொதுவா 7. அப்ப கீழ் உதட்ட பாக்கணும்: காமனுக்கு வழக்கமா 10, நார்த்வெஸ்டர்னுக்கு 8 இல்ல 9. கண்ணும் உதவும், காமனுக்கு முட்டக்கண்ணு, நார்த்வெஸ்டர்னுக்கு கழுத்தவிட கொஞ்சமே பெருசான சின்னத் தலை. விதிவிலக்கு எல்லாத்துலயும் வரும், அதனால ஒரே அடையாளத்த வச்சு நான் அடிச்சு சொல்றதில்ல.

நடு உடம்புல செதில் வரிசை எண்ணுறதுதான் இன்னும் பக்கா, நார்த்வெஸ்டர்ன்னா பெரும்பாலும் 17, காமன்னா 19. ஆனா அதுக்கு பாம்பு கையில இருக்கணும். ஒரே ஒரு தடவ தூக்கினேன், வால் பக்கத்துலேருந்து ஒரு திரவத்த பீச்சி முழங்கை வரைக்கும் பூசிவிட்டுச்சு, சோப்பு போட்டு மூணு தடவ கழுவியும் ராத்திரி சோறு பிசையும்போது அந்த நாத்தம் அடிச்சுது, வீட்டம்மா தட்ட எடுத்துட்டு ஹாலுக்கு போயிட்டாங்க. அதோட தூக்குற வேலைக்கு முழுக்கு.

சாப்பாட்ட வச்சு சொல்லலாமான்னா அரைகுறையாதான். முதுகு சொரசொரன்னு, வயிறு ஆரஞ்சா இருக்குற ஒரு நியூட் (பல்லி மாதிரி இருக்குற, தவளை போல நீர்லயும் நிலத்துலயும் வாழுற உயிரி) இங்க உண்டு, பேத்தை மீன்ல இருக்குற அதே விஷம் அதுக்கும். அத முழுங்கிட்டு சாகாம இருக்குறத பாத்தா நான் காமன்னுதான் யோசிப்பேன். ஓடில்லாத நத்தையும் மண்புழுவும் நார்த்வெஸ்டர்னோட மெனு, ஆனா டெரஸ்ட்ரியலும் நத்தைய விடாது.

ஆப்ப தூக்கிட்டேனான்னு கேட்டா, இல்ல. தேதி, இடம் குறிச்சு வைக்க அதவிட வசதி கிடையாது, பேர மட்டும் நான் வச்சுக்கறேன். இதுவரைக்கும் 63 பதிவு, அதுல 11 இன்னும் வெறும் கார்ட்டர்னுதான் கிடக்கு. போன மே மாசம் எடுத்ததுதான் அதுல ரொம்ப வயித்தெரிச்சல், வெயில்ல அசையாம கிடந்துச்சு, அரை அடி தூரத்துல படுத்து எடுத்தேன், கண்ணு கூட பளிச்னு இருக்கு, ஆனா வாயில பாதி நத்தை, உதடு பூரா கோழை, ஒரு செதில் கூட எண்ண முடியல.