போட் கணக்கு நோட்டின் பின்பக்கம்: ஐந்து வருடம் எம்எம்ஏ சண்டைகளைக் கணித்த அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் விசைப்படகுக் கணக்கு எழுதுகிறேன். டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எவ்வளவு, மீன் பாடு எப்படி, சங்காயம் என்கிற கழிசல் மீன் என்ன விலைக்குப் போனது, செலவு போக ஆளுக்கு என்ன பங்கு. இதெல்லாம் நீள நோட்டில் முன்பக்கத்திலிருந்து வரும். அதே நோட்டைத் திருப்பிப் போட்டால் பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு ஓடும். எம்எம்ஏ, அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் சண்டையின் கணக்கு. யாருக்கும் யாருக்கும் சண்டை, நான் யாரைச் சொன்னேன், நூற்றுக்கு எத்தனை உறுதியாகச் சொன்னேன், ஏன், கடைசியில் என்ன ஆனது.

ஆரம்பம் 2020 அக்டோபர் 24 இரவு. அபுதாபியில் கபீப் நுர்மகமெதோவ், ஜஸ்டின் கேத்ஜியின் கழுத்தை இரண்டு கால்களாலும் பூட்டி இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தார். 29 சண்டை, 29 வெற்றி என்று கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ஓய்வும் அறிவித்தார். அபுதாபியில் வேலை பார்க்கும் கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர்தான் எனக்கு இந்தப் பைத்தியத்தை ஒட்டவைத்தவர். அன்று கபீப்தான் என்று அவர் சொன்னார், நானும் சொன்னேன். ஊரே அதைத்தான் சொன்னது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஏதோ சூட்சுமம் பிடிபட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். புதுசாகத் தொழிலுக்கு வருபவனுக்கு முதல் நாளே நல்ல பாடு கிடைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

இந்தச் சண்டைகளை நடத்தும் பெரிய நிறுவனமான யுஎஃப்சியின் சண்டைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் சனி இரவு நடக்கும். 2025 வரை, பெரிய போட்டி என்றால் முக்கியச் சண்டைகள் நமக்கு ஞாயிறு காலை ஏழரைக்குத் தொடங்கின. அங்கே குளிர்காலம் என்றால் எட்டரை. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று முறை. சனிக்கிழமை போனவை ஞாயிறு காலையில் கரை திரும்பும். ஒரு கண் தராசில், ஒரு கண் போனில். ஐந்து வருட ஞாயிறுகள் இப்படித்தான் போயின.

எதைப் பார்த்துக் கணிக்கிறேன் என்றால், முதலில் எடை பார்க்கும் நாள். எடை வரம்புக்குள் இருக்கிறார்களா என்று சண்டைக்கு முந்தின நாள் தராசில் ஏற்றிப் பார்ப்பார்கள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், தராசில் ஏறும்போதே தள்ளாடுகிறவனை நம்பக் கூடாது என்று எழுதி வைத்திருந்தேன். அடுத்தது, கீழே தள்ளப்பட்டால் எழுந்துவிடுவானா என்பது. குத்துவதைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. பிறகு கூண்டு. லாஸ் வேகாஸில் அவர்களுடைய சொந்த அரங்கில் கூண்டின் அகலம் 25 அடி. பெரிய அரங்குகளில் 30 அடி. நகர்ந்து நகர்ந்து சண்டை போடுகிறவனுக்கு அந்த ஐந்து அடி ரொம்பப் பெரிசு. கடைசி நேரத்தில் மாற்றாக வருகிறவனையும் கவனிக்க வேண்டும். 2023 அக்டோபரில் அலெக்சாண்டர் வோல்கனோவ்ஸ்கி இரண்டு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் சாம்பியன் இஸ்லாம் மகச்சேவோடு மோத வந்து, முதல் ரவுண்டிலேயே தலையில் உதை வாங்கி விழுந்தார். அதை நான் சரியாகச் சொல்லியிருந்தேன். அதே இரவில் உத்தராகண்ட் பையன் அன்ஷுல் ஜூப்லியும் ஜெயிப்பான் என்று எழுதியிருந்தேன். காரணம் எழுதும் கட்டத்தில் ஒன்றுமே எழுதவில்லை. மூன்றாவது ரவுண்டில் விழுந்தான். ஆசையைக் கணிப்பு என்று எழுதிய இடங்களை இப்போது பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நிறைய வட்டம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 2021 பிற்பகுதியில் ஒரு பெட்டிங் ஆப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். எட்டு மாதம் இருந்தேன். காசு போடுவது நிமிட வேலை, ஆனால் போடும் கணக்கின் பெயர் ஒவ்வொரு தடவையும் மாறும். ஒரு நாள் ஏதோ மளிகைக் கடை, மறுநாள் ஏதோ டிராவல்ஸ். அப்போதே விட்டிருக்க வேண்டும். எடுப்பது அப்படி இல்லை. இன்று வரும், நாளை வரும், ஆதாரைத் திரும்ப அனுப்புங்கள், இன்னும் இவ்வளவுக்கு ஆடினால்தான் எடுக்க முடியும்.

நான் அதிகம் விட்டது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும், எனக்கும் எழுதக் கணக்கு இருக்காது. கையில் போன் மட்டும் இருக்கும். 2022 மே மாதம் சார்லஸ் ஒலிவேரா எடையில் அரை பவுண்டு கூடுதலாக வந்ததால் பட்டம் பறிபோனது. சண்டை மட்டும் நடக்கும் என்றார்கள். எடை குறைக்க முடியாதவன் உடம்பு செத்திருக்கும் என்பது என் விதி அல்லவா? எதிரே நின்ற கேத்ஜி மேல் கட்டினேன். அப்பா பெயரில் வந்திருந்த தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாய், அப்படியே. ஒலிவேரா முதல் ரவுண்டிலேயே பின்னால் ஏறிக் கழுத்தை இறுக்கி முடித்துவிட்டார். அப்பாவிடம் பணம் இன்னும் ஏறவில்லை என்று சொன்னேன். அவர் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குக் கிளம்பினார். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை. ஆப்பை அன்றே அழித்தேன்.

சரி, காசு இல்லாமல் கணித்தால் என்ன என்று நோட்டை மட்டும் தொடர்ந்தேன். உண்மையில் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

2022 ஆகஸ்ட் 21, ஞாயிறு. கமாரு உஸ்மான், லியோன் எட்வர்ட்ஸ். நான் எழுதியது உஸ்மான், நூற்றுக்கு 90. ஐந்தாவது ரவுண்டு ஓடிக்கொண்டிருக்கிறது, உஸ்மான் தெளிவாக முன்னால் இருக்கிறார், எட்வர்ட்ஸ் சோர்ந்துவிட்டார். இந்தப் பக்கம் ஏலத்துக்கு நண்டுக் கூடையை இறக்கிவிட்டார்கள், என்னைக் கூப்பிடுகிறார்கள். எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று உஸ்மான் பெயருக்கு நேரே டிக் அடித்துவிட்டு நோட்டை மூடப்போனேன். போனில் ஒரு கத்தல். எட்வர்ட்ஸின் இடது கால் தலையில் இறங்கி, உஸ்மான் மல்லாந்து கிடக்கிறார். முடிய இன்னும் 56 விநாடி இருந்தது. அந்த டிக்கை அடித்துத் திருத்தியபோது பேனா அழுந்தித் தாள் கிழிந்தது. கிழிசலுக்குப் பின்னால் அன்றைய டீசல் கணக்கு தெரியும்.

நூற்றுக்கு 90 என்றால் பத்தில் ஒன்று தப்ப வேண்டும், அது இயல்புதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம்தான், 90 என்று எழுதியதை எல்லாம் தனியாக எடுத்து எண்ணிப் பார்க்கத் தோன்றியது. என் 90 உண்மையில் 74தான். 60 என்று எழுதியவையோ காசு சுண்டிப் போட்டதற்குக் கிட்டத்தில் இருந்தன. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் கணிப்பில் நூற்றுக்கு 63 சரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றும் படிக்காமல், பந்தய ரேட்டில் எவன் ஃபேவரிட்டோ அவன் பெயரையே கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் மூன்றில் இரண்டுக்கு ஒட்டி வந்துவிடும். ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்து அதற்கும் ஒரு விரல்கடை கீழே நிற்கிறேன்.

இது ஏன் என்று எனக்குப் புரியவைத்தது ஏலக்காரர். புதிதாக வந்த வியாபாரி ஒருவர் கூடையைக் கிளறிப் பார்த்து, "நண்டு நல்லா கனமா இருக்கே" என்று ஏற்றிக் கேட்டுவிட்டு அன்று நஷ்டப்பட்டார். ஏலக்காரர் சிரித்துக்கொண்டே, "நல்ல நண்டுன்னு இங்க நிக்கிற அம்புட்டுப் பேருக்கும் தெரியும் அண்ணே. அது விலையிலயே இருக்கு. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது என்ன?" என்றார். என்னைக் கேட்டது போல இருந்தது. எடை பார்த்த வீடியோ, கூண்டின் அகலம், கடைசி நேர மாற்று என்று நான் பார்ப்பதையெல்லாம் ரேட் போடுகிறவன் எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டான்.

அந்த ரேட்டிலும் ஒரு தரகு ஒளிந்திருக்கிறது. ஒருவருக்கு 1.25 என்றால், நூறு கட்டினால் 125 திரும்பும். ஐந்தில் நாலு தடவை, அதாவது நூற்றுக்கு 80 ஜெயித்தால்தான் கைக்காசு மிஞ்சும். எதிராளிக்கு 4.00 என்றால் நூற்றுக்கு 25. இரண்டையும் கூட்டினால் 105. அந்த ஐந்து நடத்துகிறவனுடையது, யார் ஜெயித்தாலும். நாலு பேரைக் கோத்துக் கட்டினால் அள்ளலாம் என்பார்கள். நாலு பேருக்கும் தலா 80 இருந்தாலும் நாலும் சேர்ந்து வர வாய்ப்பு 41தான். அந்த எட்டு மாதத்தில் நான் கோத்துக் கட்டியதில் ஒன்றுகூட வந்ததில்லை. டிப்ஸ் விற்கிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். பாதிப் பேருக்கு இவன் பெயர், மீதிப் பேருக்கு அவன் பெயர் அனுப்பினால் பாதிப் பேருக்கு அவர் தீர்க்கதரிசி.

விளையாட்டே அப்படிப்பட்டது என்பதும் உண்டு. 2022 ஜூலையில் அலெக்ஸ் பெரேரா முதல் ரவுண்டிலேயே ஷான் ஸ்ட்ரிக்லாண்டை வீழ்த்தினார். 2023 ஏப்ரலில் அந்தப் பெரேராவை இஸ்ரேல் அடேசான்யா வீழ்த்தினார். செப்டம்பரில் அந்த அடேசான்யாவிடமிருந்து பட்டத்தைப் பறித்தது, அதே ஸ்ட்ரிக்லாண்ட். அவனை இவன் அடித்தான், ஆகவே இவன் அவனைவிட மேல் என்ற கணக்கு இங்கே செல்லாது. சண்டை முழு நேரம் போனால் மூன்று நடுவர்கள் கையில் விழும். 2024 ஜூனில் பூஜா தோமர் முதல் யுஎஃப்சி சண்டையிலேயே ஜெயித்தார் என்று இங்கே டீக்கடை வரை சந்தோஷம். நடுவர்களின் மதிப்பெண் அட்டையைப் பாருங்கள்: ஒரு நடுவர் 30-27 என்று பூஜாவுக்கு, இன்னொருவர் 30-27 என்று எதிராளிக்கு, மூன்றாமவர் 29-28 பூஜாவுக்கு. ஒரே சண்டையைத்தான் மூவரும் பார்த்தார்கள். இதில் நான் மண்டபத்தில் உட்கார்ந்து 65 என்று எழுதுவதா 70 என்று எழுதுவதா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் ஆன்லைன் பண விளையாட்டுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இன்னமும் கட்டலாம், வழி இருக்கிறது என்று யாராவது இணைப்பு அனுப்பினால் அந்த மளிகைக் கடை, டிராவல்ஸ் கணக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். காக்காவுக்கும் எனக்கும் இப்போது பந்தயம் என்றால், அவர் ஊருக்கு வரும்போது தோற்றவர் பரோட்டா வாங்கித் தர வேண்டும். என் கணக்கில் பதினொரு செட் பாக்கி.

எங்கள் சம்பாட்டி, அதாவது படகு முதலாளி, ஒரு தடவை பங்குக் கணக்குப் பார்க்க நோட்டைத் தவறிப் பின்பக்கம் திறந்துவிட்டார். 2022 ஜூலைப் பக்கம். விரலை வைத்துப் படித்து, "யாருப்பா இந்தப் பெரேரா? தூத்துக்குடிப் பையனா?" என்றார். பிரேசில்காரன் மாமா என்றேன். "பேரு நம்ம கடக்கரைப் பேரா இருக்கே. இனிமே அவன் சண்டைக்கு என் பேர்ல அவனையே எழுதிக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டையை ஒரு நாளும் பார்த்ததில்லை. எடை, கூண்டு, கை நீளம் எதுவும் கேட்டதில்லை. பெரேரா அன்கலாயெவ் என்பவரிடம் பட்டத்தை இழந்த 2025 மார்ச்சில் வருத்தப்படவும் இல்லை; அக்டோபரில் அதே அன்கலாயெவை எண்பது விநாடியில் முடித்தபோது ஆச்சரியப்படவும் இல்லை. சம்பாட்டி பெயரில் எழுதிய சண்டைகள் அந்த அக்டோபர் வரை ஒன்பது, ஏழு சரி. என் நோட்டில் அதைவிட நல்ல கணக்கு எதுவும் இல்லை.