ஆக்டிவ் ரெக்கார்டா, டேட்டா மேப்பரா? மண்டபம் மீன் கடைக் கணக்கில் ஆறு வருட அனுபவம்

மண்டபத்தில் மீன் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு கமிஷன் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு மென்பொருள் ஆறாவது வருடமாக ஓடுகிறது. எடை, ஏல விலை, முன்பணம், டீசல், ஐஸ் எல்லாம் பதிவாகும். செலவு போக மிஞ்சியதில் படகு உரிமையாளருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரியும். பெரிய மாற்றம் எதையும் தடைக்காலத்தில்தான் செய்வேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு வரத்து இருக்காது, கடையில் நிதானமாக உட்காரலாம்.

ஆரம்பித்தது ஜாங்கோ என்ற பைத்தான் வலை மென்பொருள் கட்டமைப்பில். அதன் ஓ.ஆர்.எம்., அதாவது தரவுதள டேபிள்களைக் கோடோடு இணைக்கும் பகுதி, ஆக்டிவ் ரெக்கார்டு வகை. டேபிளில் உள்ள ஒரு வரிக்குக் கோடில் ஒரு ஆப்ஜெக்ட், தன்னைச் சேமிப்பதும் அதே ஆப்ஜெக்ட்தான். படகு, மீன் வகை, வியாபாரி பதிவுகளெல்லாம் இரண்டே நாளில் தயார். இன்றைக்கும் அந்தப் பகுதியில் எனக்குக் குறையே இல்லை.

தவறு பங்குக் கணக்கில் நடந்தது. அதையும் சிட்டை (ஒரு படகின் கணக்குச் சீட்டு) மாடலில், சேமிக்கும்போதெல்லாம் ஓடும் சேவ் மெத்தடுக்குள்ளேயே எழுதியிருந்தேன். இடையில் ஒரு படகில் பங்கு விகிதம் மாறியது. சில வாரம் கழித்து, பழைய சிட்டை ஒன்றில் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைக் கடையில் திருத்திச் சேமித்தார்கள். சேமித்ததும் முடிந்துபோன கணக்கு புது விகிதத்தில் மறுபடி ஓடி, ஆட்களின் பங்கு குறைந்துவிட்டது. கடலுக்குப் போய் வந்தவர் தன் கைக்குறிப்போடு வந்து கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்தத் தொகையைச் சரிசெய்து கொடுத்தோம். ஆனாலும் அவர் குறித்து வைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

அந்தப் பயத்தில் அடுத்த தடைக்காலத்தில் எதிர்ப்பக்கம் ஓடினேன். ஒவ்வொரு டேபிளுக்கும் படிப்பதையும் சேமிப்பதையும் மட்டும் செய்யும் ஒரு ரெபாசிட்டரி, தரவுதளம் பற்றி எதுவும் அறியாத தனி கிளாஸ், இரண்டுக்கும் நடுவே மாற்றித் தரும் கோட் என்று டேட்டா மேப்பர் பாணியில் எல்லாவற்றையும் மாற்றினேன். ஐஸ் பெட்டி எண் என்று டேபிளில் ஒரே ஒரு நெடுவரிசை சேர்க்க நாலு கோப்புகளைத் தொட வேண்டியதாயிற்று. வேகமும் போனது. 86 படகுகளின் பட்டியலை எடுக்க ஒரு குவெரி (தரவுதளத்திடம் கேட்கும் கேள்வி), பிறகு மாற்றித் தரும் கோட் ஒவ்வொரு படகின் உரிமையாளரையும் தேடித் தனித்தனியாக 86 குவெரி, ஆக 87. தரவுதள சர்வர் மும்பையில், மென்பொருள் ஓடும் கணினி மண்டபம் கடையில், நடுவே மொபைல் நெட். ஒரு குவெரிக்கு 60 மில்லி செகண்ட் என்றாலும் பக்கம் திறக்க அஞ்சு செகண்டுக்கு மேல் ஆகும். தொடர்புடைய பதிவையும் சேர்த்தே எடுக்கும் ஜாங்கோவின் செலக்ட் ரிலேட்டட் போட்டதும் அது ஒரே குவெரியாகிவிட்டது.

மூன்றாவது முறை ரெபாசிட்டரிகளில் பெரும்பாலானவற்றை நீக்கினேன். பதிவுகள் ஆக்டிவ் ரெக்கார்டுக்கே திரும்பின. பங்குக் கணக்கு மட்டும் தரவுதளத்தைத் தொடாத தனிக் கோட். எடை, விலை, செலவு, விகிதம் கொடுத்தால் தொகையைத் தரும், அவ்வளவுதான். அன்றைய விகிதத்தையும் அந்தந்தச் சிட்டையிலேயே எழுதி வைக்கிறோம். மாத அறிக்கைக்கு ஓ.ஆர்.எம். இல்லாமல் நேரடியாக எஸ்.கியூ.எல். (தரவுதள வினவல் மொழி). மூன்று வருடமாகப் பங்கில் ஒரு தகராறும் இல்லை.

வேறொரு வேலையில் எஸ்.கியூ.எல்.அல்கமி என்ற பைத்தான் ஓ.ஆர்.எம்.மையும் பயன்படுத்தினேன். டேட்டா மேப்பருக்கென்றே உருவான கருவி அது. எந்த ஆப்ஜெக்ட் மாறியது என்று அதன் செஷன் என்ற பகுதி நினைவில் வைத்து, கமிட்டுக்கு (மாற்றங்களை நிலையாக உறுதிசெய்வதற்கு) முன் மொத்தமாக எழுதிவிடும். கணக்கு விதிகள் நிறைய இருந்தால் முதலிலேயே அதை எடுங்கள். ஜாங்கோவின் மேல் நானாகக் கட்டியதைவிட அது எவ்வளவோ மேல்.

முன்பண பாக்கி மட்டும் எந்தப் பேட்டர்னாலும் தீரவில்லை. பாக்கி 40,000 என்று இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் படிக்கின்றன. ஒன்று 5,000 கழிக்கிறது, மற்றொன்று 3,000 கழிக்கிறது. கடைசியில் சேமித்தது மட்டும் நிற்கும். இப்போதைக்கு டேபிளில் அந்த வரியை மற்ற கணினி தொடாதபடி பூட்டிவிட்டுக் கழிக்கிறேன். வரும் தடைக்காலத்தில் பாக்கி என்ற நெடுவரிசையையே எடுத்துவிட்டு, கடையின் பழைய பேரேட்டில் இருப்பதுபோல ஒவ்வொரு பற்றையும் வரவையும் தனி வரியாக மாற்றப் போகிறேன்.