பூல் மேசையா, போக்கர் மேசையா: பணம் வைத்து ஆடுவோரின் கணக்கு

க்யூ என்ற கோலால் பந்துகளைப் பாக்கெட்டில் தள்ளும் பூலில் பணம் கட்டுவது மேலா, சீட்டாட்டமான போக்கரில் கட்டுவது மேலா என்ற விவாதம் எழும்போதெல்லாம், எந்த ஆட்டத்தில் திறமைக்கு இடம் அதிகம் என்ற கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. அதற்கு விடை சொல்வது கடினமில்லை; பூலில்தான். பந்துகள் எல்லாம் கண்ணெதிரே கிடக்கின்றன, மறைத்துப் பிடிக்கும் சீட்டு எதுவும் இல்லை, குறி தவறினால் தவறியது யார் கை என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. ஆனால் பணம் வைத்து ஆடுபவர் கேட்க வேண்டியது வேறொன்று: என் திறமைக்கு எதிரே பணம் வைக்க ஆள் தொடர்ந்து கிடைப்பாரா? இந்த இரண்டு சூதாட்டங்களும் அருகருகே வளர்ந்த அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்த்தால், திறமை மிகுந்த ஆட்டமே திறமைசாலிக்குக் குறைவாகச் சோறு போட்டிருக்கிறது.

பணப்பந்தயத்துக்குப் பெயர்போன நைன் பால் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பந்துகளில், மேசையில் இருப்பவற்றுள் சிறிய எண்ணை, க்யூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறைப்படி பாக்கெட்டில் தள்ளியவர் அந்த ஆட்டத்தை வென்றவர். இருவருள் ஒருவர் 100 ஆட்டங்களில் 60-ஐ வெல்லக்கூடியவர் என்றால், முதலில் 9 ஆட்டம் வெல்பவருக்கே பணம் என்ற பந்தயத்தில் அவர் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 80 விழுக்காடு. அதையே 21 ஆட்டமாக நீட்டினால் 90 விழுக்காடு. 100 ஆட்டமாக நீட்டினால் 1000-க்கு 998. அதாவது, சுமாரான வித்தியாசம் கூட ஓரிரு நாள் ஆட்டத்தில் அம்பலமாகிவிடும். சமபலம் என்பதும் அப்படியே தெரிந்துவிடும்: 1996-இல் ஹாங்காங்கில் 1,00,000 டாலருக்காக பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயெஸும் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்டிரிக்லண்டும் ஒருவர் 120 வெற்றிகளை எட்டும்வரை மோதியபோது, 237 ஆட்டங்களுக்குப் பின் ரெயெஸ் 120-117 என்று வென்றார்.

போக்கரில் ஒரு கைக்கும், அதாவது சீட்டுப் போட்டு ஆடும் ஒரு சுற்றுக்கும், திறமைக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது. ஆளுக்கு இரண்டு சீட்டும் எல்லோருக்கும் பொதுவான சீட்டுகளும் கொண்ட டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் தொடக்கத்தில் வரக்கூடிய மிகச் சிறந்த சீட்டுகளான இரண்டு ஏஸ்கள் சராசரியாக 221 கைகளுக்கு ஒருமுறைதான் வரும். வந்த பிறகும், எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்து இருவரும் கடைசிச் சீட்டு வரை போனால், 100-க்குச் சுமார் 18 தடவை ராஜா வென்றுவிடும். தவறான முடிவு எடுத்தவர், மேசை நடுவே சேர்ந்த பந்தயத் தொகையான ‘பானை’ப் பணத்தை அள்ளிக்கொண்டு போவதும், சரியான முடிவு எடுத்தவர் வெறுங்கையோடு எழுவதும் அன்றாட நிகழ்ச்சிகள். நல்ல ஆட்டக்காரரின் ஆதாயம் ஆயிரக்கணக்கான கைகளில் மெல்ல மெல்லச் சேர்வது. அதுவரை அவர் தேர்ந்தவரா, நல்ல காலம் நடப்பவரா என்பதை எதிரே இருப்பவரால் மட்டுமின்றி அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்றவை எல்லாம் கிளைக்கின்றன. பூலில் இரண்டு மாலை தோற்றவருக்கு மூன்றாம் மாலை தோற்பதற்குக் காரணமே இல்லை. தான் தாழ்ந்த ஆட்டக்காரர் என்பதைக் கண்ணால் கண்டுவிட்டார். ஆகவே அவரை மீண்டும் மேசைக்கு அழைக்க வேண்டுமானால் பலசாலி ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு ‘ஸ்பாட்’ என்று பெயர். “எட்டைத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால், எதிராளி எட்டாம் பந்தைப் போட்டாலும் அந்த ஆட்டம் அவருக்கு. போதாது என்றால் ஏழையும் தரலாம். ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அடிக்கும் உரிமையை ஒவ்வோர் ஆட்டத்திலும் அவருக்கே விடலாம். முதலில் 11 ஆட்டம் வெல்லும் பந்தயத்தில் மூன்று ஆட்டங்களைத் தொடக்கத்திலேயே அவர் கணக்கில் எழுதிவிடலாம். எட்டாம் பந்து என்பது வெளியாருக்கு அற்பச் சலுகையாகத் தோன்றும். ஆனால் வரிசையாக ஏழு பந்துகளைப் போட்டுவிட்டு எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே பதறித் தவறவிடும் பழக்கம் உள்ளவருக்கு, அந்த ஒரு சலுகையே வெற்றி தோல்வியைப் புரட்டிவிடும். இதனால் பூல் கூடங்களில் ஆட்டத்தைவிடப் பேரம் நீள்வதுண்டு. ஜெயிப்பதும் தோற்பதும் பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடுகிறது என்பேன்.

பேரத்தில் விட்டுக்கொடுக்க மனமில்லாதவருக்கு மிஞ்சும் வழி, தன் திறமையை மறைப்பது. அதற்காகவே ஹஸ்லர் என்றொரு இனம் உருவாயிற்று. எளிய பந்தைத் தவறவிட்டு நடிப்பதாக நாம் கற்பனை செய்கிறோம். அனுபவசாலிகளின் முறை அதைவிட நுட்பமானது. பந்தை ஒழுங்காகப் போட்டுவிட்டு, வெள்ளைப் பந்தை மட்டும் நிற்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துவார்கள். அடுத்த பந்து இயல்பாகவே கடினமாகிவிடும், அதைத் தவறவிட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். புகழ் வந்துவிட்டால் இந்த வேடமும் உதவாது. பிலிப்பைன்ஸில் ஏற்கெனவே பெயரெடுத்திருந்த ரெயெஸ் 1985-இல் அமெரிக்காவுக்கு வந்தபோது, செசார் மொராலெஸ் என்ற வேறு பெயரில் ஆடினார். தன் சொந்தப் பெயரே தன் வருமானத்துக்குத் தடையாகும் தொழில் வேறு எத்தனை இருக்கும்?

இல்லினாய் மாநிலத்தின் ஜான்ஸ்டன் சிட்டி என்ற சிற்றூரில் 1961 முதல் ஜான்ஸ்கோ சகோதரர்கள் ஆண்டுதோறும் நடத்திய ஹஸ்லர்களின் போட்டியும் இதே சிக்கலுக்குக் கண்ட தீர்வுதான். நாட்டின் தேர்ந்த கைகள் எல்லாம் ஓரிடத்தில் கூடினால், ஒருவருக்கொருவர் பணம் வைத்து ஆடிக்கொள்ளலாம். அதிகாரப்பூர்வமான போட்டி முடிந்த பிறகு இரவில் நடந்த ஆட்டங்களுக்குத்தான் பலரும் வந்தார்கள். 1972-இல் கூட்டரசு அதிகாரிகள் புகுந்து சோதனை நடத்தியதோடு அந்தக் கூட்டம் கலைந்தது. கலையாமல் இருந்திருந்தாலும் அடிப்படைக் குறை ஒன்று இருந்தது: வெளியிலிருந்து புதுப்பணம் வராத இடத்தில், ஒரே பணம் பைக்குப் பை மாறிக்கொண்டிருக்கும்.

கெட்டிக்காரர்கள் சிலர் இதை முன்பே புரிந்துகொண்டார்கள். ‘அமரில்லோ ஸ்லிம்’ என்ற தாமஸ் பிரெஸ்டன் இளமையில் பூல் ஆடிப் பணம் பார்த்தவர்; 1972-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். மறு ஆண்டு அதே பட்டத்தை வென்ற ‘பகி’ பியர்சனும் பூல் கூடத்தில் தேறியவர்தான். பூலைப் போலவே திறமையைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் ஜின் ரம்மி என்ற இருவர் சீட்டாட்டத்திலிருந்து வந்தவர் ஸ்டூ அங்கர். அவரோடு ஜின் ஆட ஆளே கிடைக்காமல் போன பிறகு போக்கர் பக்கம் திரும்பி, 1980, 1981, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் முதன்மைப் பட்டத்தை வென்றார். பழைய ஆட்டத்தில் இவர்களைக் கண்டாலே விலகிய எதிராளிகள், போக்கரில் இவர்கள் யார் என்று நன்கு தெரிந்தும் எதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

ஏன் உட்கார்ந்தார்கள் என்பதற்கு 2003-ஆம் ஆண்டைவிடச் சிறந்த சான்று இல்லை. டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிரிஸ் மனிமேக்கர், 100 டாலருக்கும் குறைவான கட்டணத்தில் இணையத் தகுதிச்சுற்று ஆடி இடம்பிடித்து, அந்த முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு ஆடியவர்கள் 839 பேர், அடுத்த ஆண்டு 2,576, 2006-இல் 8,773. பகுதிநேர ஆட்டக்காரர் ஒருவர் நைன் பாலின் உச்சப் போட்டிக்குள் நுழைந்து முன்னணி வீரர்களை எல்லாம் வரிசையாக வீழ்த்துவதை நினைத்துப் பார்க்கவே முடியாது. போக்கரில் அது நடக்கக்கூடியது என்பதே தேர்ந்தவர்களின் பிழைப்புக்கு மூலதனம். இதில் கொடுமை என்னவென்றால், தோற்பவருக்கும் அதுவே போதையாகிறது. பூலில் தோற்றவர் தன் கையை நொந்துகொள்வார். போக்கரில் தோற்றவர் சீட்டை நொந்துகொண்டு அடுத்த வாரமும் சம்பளத்தோடு வருவார். நேர்மை என்று பார்த்தால், தோற்பவரிடம் உண்மையைச் சொல்லிவிடும் பூல் எனக்கு மேலாகப் படுகிறது.

செலவிலும் பூல் பக்கம்தான் சாதகம். கூடத்துக்காரருக்கு மேசை வாடகை கொடுத்தால் முடிந்தது. பந்தயம் 10 டாலரா, 10,000 டாலரா என்பதைப் பொறுத்து வாடகை ஏறுவதில்லை. காசினோ போக்கரில் ஒவ்வொரு பானையிலிருந்தும் ‘ரேக்’ என்ற கழிவு போகிறது. நேரடி மேசையில் மணிக்குச் சுமார் 30 கைகள் நடக்கும். கைக்கு 5 டாலர் கழிவு என்று வைத்துக்கொண்டால், ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையிலிருந்து மணிக்கு 150 டாலர், தலைக்கு ஏறத்தாழ 17 டாலர் கரைகிறது. சமபலமுள்ள ஒன்பது நண்பர்கள் நாளெல்லாம் ஆடினால் கடைசியில் ஒன்பது பேரும் இளைத்திருப்பார்கள்.

சட்டத்தின் பார்வையில் போக்கர் தன்னைத் திறமை ஆட்டம் என்று ஓயாமல் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2012-இல் நியூயார்க் கூட்டரசு நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன் போக்கரில் திறமையே மேலோங்கியது என்று தீர்ப்பளித்தார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டவிரோதச் சூதாட்டத் தொழிலைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டத்தின் கீழ் அப்படியோர் ஆராய்ச்சியே தேவையில்லை என்று அதை மாற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்று ஏற்றுக்கொண்டது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் கட்டும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது.

மோசடி என்று வரும்போது என் சாய்வு மாறிவிடுகிறது. போக்கரில் இருவர் கூட்டுச் சேர்ந்து மூன்றாமவரை உரிப்பது உண்டு. 2007-இல் அப்சலூட் போக்கர் இணையதளத்தில், உள்ளாள் வசதியைப் பயன்படுத்தி எதிராளிகளின் சீட்டுகளைப் பார்த்து ஆடிய ஒரு கணக்கு அம்பலமானது. ஆடப்பட்ட கைகளின் பதிவை ஆட்டக்காரர்களே அலசி அதைப் பிடித்தார்கள். பூலில் அப்படிப்பட்ட பதிவு இல்லை. அங்கே ஆட்டக்காரருக்குப் பணம் போடுபவர் வேறு ஒருவராக இருப்பதுண்டு. தோற்றால் முழு நட்டமும் அவருடையது, வென்றால் பாதி ஆட்டக்காரருக்கு. ஆட்டக்காரர் எதிராளியோடு இரகசியமாகப் பேசிவைத்துத் தோற்றுக் கொடுத்து, எதிர்த்தரப்பின் வெற்றிப்பணத்தில் பங்கு வாங்கிக்கொண்டால், வென்றதைவிடக் கூடுதலாகக் கூடக் கிடைக்கலாம். இதை ‘டம்ப்’ என்பார்கள். மேலே சொன்ன அந்த ஒரு சாண் தவறு இங்கேயும் உதவும். பணம் போட்டவர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்திருந்தாலும் எதையும் நிரூபிக்க முடியாது. ஆகவே தானே க்யூ பிடிப்பவர், தன் நிலை அறிந்து ஸ்பாட் பேசத் தெரிந்தவரானால் பூலில் பணம் வைக்கட்டும். சுவரோரம் நின்று இன்னொருவரின் கையை நம்பி நூறு டாலர் நீட்டுபவர், இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் இடையே என்ன பேச்சு நடந்தது என்று தெரியாதவரை நோட்டைப் பையிலேயே வைத்திருப்பது நல்லது.