பாம்பன் சாலைப் பட்டறையின் பழைய இரும்புச் சிற்பங்கள்: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்தை நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டி, விசைப்படகுகளுக்கு வெல்டிங் வேலை செய்துவந்த ஒரு தகரக் கொட்டகை, சில ஆண்டுகளாகப் பழைய இரும்பில் சிற்பம் செய்யும் பட்டறையாகவும் இயங்கி வருகிறது. சென்ற ஆண்டு தை மாதத்தில் அங்கே ஒரு பூநாரையை ரூ. 16,500-க்கும் ஒரு நண்டை ரூ. 3,800-க்கும் வாங்கினேன். கீழக்கரையில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில் அவை ஒரு கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் கடந்துவிட்டன. வாங்கிய கையோடு எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டாகவே முடிந்திருக்கும்.

கொட்டகையின் பின்புறம்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். பழைய இரும்புக் கடைகளிலிருந்து எடைக்கு வாங்கிவந்த சைக்கிள் செயின், வளைந்த ஷாஃப்ட், தேய்ந்த பல்சக்கரம், நங்கூரச் சங்கிலி, பேரிங் குண்டு எல்லாம் அங்கே குவிந்து கிடக்கின்றன. மற்ற பட்டறைகளில் இரும்பு, பித்தளை, எவர்சில்வர் என்று உலோக வாரியாகப் பிரிப்பார்கள். இங்கே பெட்டிகளின் மேல் சாக்பீஸால் 'கால்', 'கழுத்து', 'கண்', 'செதில்' என்று எழுதியிருக்கிறது. ஒரு பொருள் எந்த உறுப்பாக மாறும் என்பதை வாங்கும்போதே பட்டறைக்காரர் முடிவு செய்துவிடுகிறார். இந்தக் கலையில் கைவேலையைவிடக் கண்தான் முக்கியம் என்பதற்கு அந்தப் பெட்டிகளே போதும்.

நண்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓடு, தேய்ந்து வாய் மழுங்கிய ஒரு மண்வெட்டித் தகடு. முன்னங்கொடுக்குகள் இரண்டு கட்டிங் பிளேயர்கள், அவற்றின் அச்சு பற்றவைக்கப்படாததால் இன்றும் திறந்து மூடுகின்றன. நமது கடலின் நீலக்கால் நண்டுக்குப் பின்கால் இரண்டும் துடுப்புபோல் தட்டையாக இருக்கும் என்பதை மறக்காமல், அந்த இடத்தில் மட்டும் இரண்டு எவர்சில்வர் கரண்டிகளைக் கைப்பிடி வெட்டிப் பொருத்தியிருக்கிறார். எவர்சில்வரைச் சாதாரண இரும்போடு சாதாரண வெல்டிங் ராடால் பற்றவைத்தால் மூட்டு எளிதில் வெடித்துவிடும். அதற்கென உள்ள 309 ராடைப் பயன்படுத்தியதாகச் சொன்னார். பேரன் அந்தக் காலைப் பிடித்தே நண்டைப் பலமுறை தூக்கியும் இதுவரை மூட்டு விடவில்லை.

பூநாரையின் உடல் ஒரு பைக்கின் பெட்ரோல் டேங்க். கால்கள் கட்டடக் கம்பி, முழங்கால் ஒரு போல்ட். கழுத்து, கண்ணி கண்ணியாகப் பற்றவைத்து வளைத்த டைமிங் செயின். அலகு, ஒரு கதிரரிவாளின் முனை. பனிக்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் நீர்ப்பரப்பில் தலையைக் கவிழ்த்து இரை தேடும் பூநாரையைப் பார்த்தவர்களுக்கு, அந்த அரிவாள் வளைவு எவ்வளவு பொருத்தமென்று புரியும். 1942-இல் பிக்காசோ ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் மட்டும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். சீட்டு சீட்டாகவும் தெரிகிறது, முகமாகவும் தெரிகிறது. பட்டறையின் நல்ல வேலைகளும் அவ்வகைதான். அதே பட்டறையில் நிற்கும் ஆவுளியா (கடல்பசு) சிற்பம் எனக்குப் பிடிக்காமல் போனதும் இதனால்தான். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடல்பசு பாதுகாப்பகம் 2022-இல் அறிவிக்கப்பட்டபின் வருகிறவர்களெல்லாம் அதைக் கேட்கிறார்களாம். வழவழப்பான அந்த உடலுக்கு ஏற்ற பழைய பொருள் கிடைக்காமல் புதுத் தகட்டை வளைத்து மூடிவிட்டார்; உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியவில்லை.

குறைக்கு வருகிறேன். ஐப்பசியில் முதல் மழை பெய்த மூன்றாம் நாள், பூநாரையின் கழுத்திலிருந்து டேங்கின் மேல் பழுப்பு நிறக் கோடுகள் வழிந்திருந்தன. காரணம் எளிது. கடற்கரையில் கிடந்த இரும்பின் இடுக்குகளில் உப்பு தங்கியிருக்கும். அதை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாமல் மேலே வார்னிஷ் அடித்தால், உப்பு அடியிலிருந்தே ஈரத்தை இழுத்து வார்னிஷைப் பெயர்த்துவிடும். செயினின் ஒவ்வொரு உருளைக்குள்ளும் இது நடக்கும். 1914-இல் திறந்த ரயில் பாலம் உப்புக்காற்றோடு பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருவைத் தடுக்கப் பாலிசிலாக்ஸேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். அந்தப் பாலம் கண்ணுக்கெதிரே நிற்க, வெறும் வார்னிஷோடு விற்பது சரியல்ல என்று நேரில் போய்ச் சொன்னேன்.

மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கழுத்தைக் கிரைண்டரால் சுத்தம் செய்து, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து, பாஸ்பாரிக் அமிலக் கரைசல் தடவி, எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடித்துத் தந்தார். கூலி வாங்கவில்லை, பெயின்ட்டுக்கு மட்டும் ரூ. 900. நான்கு மாதமாகிறது, கோடு எதுவும் வழியவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் இந்த வேலையை விலை பேசும்போதே சேர்த்துக் கேட்பது நல்லது. பித்தளை புரொப்பெல்லரை ஓடாக வைத்த ஆமையை வாங்குவதானால், பித்தளையும் இரும்பும் தொடும் இடத்தில் ரப்பர் வாசர் போடச் சொல்லுங்கள். ஈரமும் உப்பும் சேர்ந்தால் அந்த இடத்து இரும்புதான் முதலில் அரிக்கும்.

அவரிடம் நான் மதிப்பது இரண்டு மறுப்புகளை. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைக் கொண்டுவந்து மரம் செய்யச் சொன்ன ஒருவரிடம், "அண்ணே, ஜி.ஐ. பைப்பைப் பத்தவச்சா அந்தப் புகையில ராத்திரி குளிர்காய்ச்சல் வந்துரும், காசு குடுத்தாலும் வேணாம்" என்றார். பவளப்பாறைக் கல்லைப் பீடமாக வைக்கச் சொன்ன இன்னொருவரையும் திருப்பி அனுப்பினார். பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது என்பது அந்த வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சொல்லிச் செய்ய ஒரு மாதம் ஆகும். இரண்டு வாரம் என்று அவர் சொன்னாலும் ஒரு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பார்சலில் அனுப்பமாட்டார், வண்டியோடு போக வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூநாரையின் அலகு முனையை உங்கள் கண்முன்னே மழுங்கச் சீவச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதற்குள் ஒரு சட்டை கிழிந்துவிட்டது.