குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன் புரதப் பவுடர்: எந்த டப்பா காசுக்குத் தகும்?

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கும் ஐடா ஸ்கடர் ரோட்டில் ஏதாவது ஒரு மெடிக்கலில் நின்று "ஆபரேஷன் இருக்கு, தெம்புக்கு ஏதாச்சும் குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் சாக்லேட் வாசனை அடிக்கும் 400 கிராம் டப்பாதான் கைக்கு வரும். டப்பாவைத் திருப்பி, 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடையில் இருப்பது மூன்று வகை. 'முழுச் சத்துணவு' என்று விற்கும் பவுடரில் புரதம் 15 முதல் 20 கிராம்தான், மற்றது மாவுச்சத்தும் கொழுப்பும். சோறே இறங்காதவருக்கு இது உதவும், ஐந்துக்கு மூன்று தரலாம். சாதாரண 'புரோட்டீன் பவுடர்' 30 முதல் 35 கிராம். சிலவற்றில் மூலப்பொருள் பட்டியலின் முன்வரிசையிலேயே சர்க்கரையும், மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்ட்டோடெக்ஸ்ட்ரினும் நிற்கின்றன. சர்க்கரை நோயாளிக்கு இது வீண் வம்பு. ஐந்துக்கு இரண்டு. பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே (whey) புரோட்டீனில் 70 முதல் 80 கிராம். ஐந்துக்கு நான்கு.

விலையை டப்பாவுக்குப் பார்க்காமல் புரத கிராமுக்குப் பாருங்கள். 700 ரூபாய், 400 கிராம், 32 சதவீதம் என்றால் உள்ளே இருக்கும் புரதம் 128 கிராம். கிராமுக்கு ஐந்தரை ரூபாய். 2,500 ரூபாய்க்கு ஒரு கிலோ வே வாங்கினால், 75 சதவீதக் கணக்கில் மூன்று ரூபாய் சொச்சம். 7 ரூபாய் நாமக்கல் முட்டையில் 6 கிராம். டப்பா எதுவும் முட்டையை விலையில் ஜெயிக்கவில்லை!

இவ்வளவு கணக்கு எதற்கு? பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயில் தசை குறைந்த நிலையில் ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்குப் பின்விளைவுகள் அதிகம், உயிர்வாழும் காலமும் சராசரியில் குறைவு. இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். எடை மெஷின் இதைக் காட்டிக் கொடுக்காது. தொப்பையோடு இருப்பவருக்கும் தொடையில் தசை கரைந்திருக்கும். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே இடுப்பின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் தசையை அளக்கலாம், ஆனால் கேட்டால் ஒழிய ரிப்போர்ட்டில் அது வருவது அபூர்வம். வீட்டில் பார்க்க ஒரு நாற்காலி போதும். கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் பிடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பவுடர் குடித்தால் ஆயுள் கூடும் என்று எந்த டப்பாவாவது சாடையாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். தசையை விடாமல் பிடித்துவைக்க அது ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான்.

தேவை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். சிகிச்சைக்கு வந்து தங்கியிருக்கும் தோட்டப்பாளையம் லாட்ஜ் அறையில் அடுப்பு வைத்து ரசம் சாதம், கஞ்சி, இட்லி என்று ஓட்டினால் இதில் பாதி தேறுவதே கஷ்டம். மூன்று முட்டையும் 30 கிராம் வேயும் சேர்ந்தால் 40 கிராம் வந்துவிடும். கட்டி குடலை அடைக்கத் தொடங்கியிருந்தால் மீல் மேக்கர், முழுச் சுண்டல் வேண்டாம், திரவமாகவே கொடுங்கள். வயிறு உப்பி வாந்தி வந்தால் பவுடரையும் நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியவர்கள், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்கள், டயட்டீஷியனைக் கேட்காமல் டப்பாவைத் திறக்கவே கூடாது.

கலக்குவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கொதிக்கும் பாலில் வேயைக் கொட்டினால் திரிந்து, தயிர்க்கட்டி போல அடியில் உருளும். முதலில் 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாக்கி, பிறகு 150 மில்லி பால் ஊற்றவும். ஒரே மடக்கில் குடித்தால் வயிற்றுப்போக்குதான், அரை மணி நேரம் வைத்து உறிஞ்ச வேண்டும். சாப்பாட்டுக்கு முன் கொடுத்தால் பசி செத்துவிடும், இரண்டு வேளைக்கு நடுவே கொடுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பால் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கிய 'ஐசோலேட்' வே வகையைத் தண்ணீரில் கலக்கலாம். உள்ளே கிடக்கும் ஸ்கூப்பை நம்பி அளக்காதீர்கள். சில டப்பாக்களில் 'ஒரு வேளை' என்பது இரண்டு ஸ்கூப். ஈரக் கரண்டியை விட்டால் ஒரே வாரத்தில் பவுடர் கல்லாகிவிடும்.

குடித்துவிட்டுப் படுத்தால் இந்தக் காசு தண்டம். ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுக்கையில் கிடந்தால் காலில் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போகிறது. நடையோடு, டாக்டர் சரி என்றால், அதே நாற்காலியில் பத்துப் பத்தாக மூன்று சுற்று எழுந்து உட்காரட்டும். ஆபரேஷனுக்கு நான்கு வாரம் இருந்தால் நல்லது, இரண்டு வாரமே இருந்தாலும் விட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை டப்பாவில் அச்சாகியிருக்காது. ஆபரேஷன் அன்று தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்பு வரை அனுமதி. பவுடர் கலந்த பால் அந்தக் கணக்கில் சேராது, ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். "தண்ணி மாதிரிதானே" என்று காலையில் அரை டம்ளர் கொடுத்தால் மயக்க டாக்டர் ஆபரேஷனையே தள்ளிவைப்பார்.