பாஸ்வேர்டா, ஓடிபியா, பாஸ்கீயா? ஏமாந்த நேரத்தில் எது கைகொடுக்கும்

கணக்குகளைப் பூட்டிவைக்க எது நல்ல வழி என்று யார் கேட்டாலும், நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் களைப்போடு நிற்கிறீர்கள், வங்கியிலிருந்து வந்ததுபோல ஒரு செய்தி வருகிறது, யோசிக்காமல் அதைத் தட்டிவிடுகிறீர்கள். அந்த நேரத்தில் அந்த வழி உங்களைக் காப்பாற்றுமா? 2021 கடைசியில் சிங்கப்பூரின் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலி எஸ்எம்எஸ்கள் வந்தபோது ஏறக்குறைய 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளியைப் பறிகொடுத்தார்கள். வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையில் போலியும் வந்து உட்கார்ந்துகொண்டதால் நம்பிவிட்டார்கள். அவர்கள் பாஸ்வேர்டு எட்டு எழுத்தாக இருந்திருந்தாலும் எண்பது எழுத்தாக இருந்திருந்தாலும் நடந்தது நடந்திருக்கும், ஏனென்றால் அதைப் போலிப் பக்கத்தில் அடித்தது அவர்களேதான்.

முதலில் பழைய முறை: ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று. இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கட்டாயப்படுத்தி மாற்றச் சொன்னால் கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்கூட 2017இல் இந்த இரண்டு விதிகளையும் கைவிட்டுவிட்டது. அதைவிட, தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைப்பது எவ்வளவோ மேல்: குடை, தவளை, சம்பல், ஏணி, மார்ச் என்று ஆங்கில எழுத்தில் அடிக்கலாம் (இதையே எடுத்து வைத்துவிடாதீர்கள்). திருக்குறள் வரி, சினிமாப் பாட்டு வரி இதெல்லாம் வேண்டாம், பலருக்கும் தெரிந்தது எதுவும் கணிக்கக்கூடியதுதான். அடையாள அட்டை எண்ணும் கூடவே கூடாது. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுகளுக்கான அரசாங்கத் தளமான பிஸ்ஃபைலில் பெயரைத் தேடினாலே முழு எண்ணும் தெரிந்த விவகாரம் நினைவிருக்கும், அது ரகசியம் என்று நம்பி எதையும் பூட்ட முடியாது.

ஆனால் எவ்வளவு நல்ல சொற்றொடரும் என் கேள்வியில் தோற்கிறது, போலிப் பக்கத்தில் அடித்தால் போச்சு. ஒரே பாஸ்வேர்டை பத்து இடத்தில் வைத்திருந்தால் இன்னும் மோசம், ஏதோ ஒரு சின்ன கடையின் தளத்தில் கசிந்தது உங்கள் மின்னஞ்சலையும் திறந்துவிடும்.

சரி, இடத்துக்கு ஒன்று வேண்டும் என்றால் எங்கே எழுதிவைப்பது? நோட்டுப்புத்தகமா, எல்லா பாஸ்வேர்டையும் பூட்டிவைத்துத் தானே நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலியா? வயதான அம்மா, அப்பாவுக்கு நோட்டுப்புத்தகத்தைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் வீவக (எச்டிபி) வீட்டு அலமாரியைத் திறக்க முடியாது. எல்லாவற்றுக்கும் பேரன் பிறந்த தேதியை வைப்பதைவிட அது நூறு மடங்கு நல்லது. ஆனாலும் எனக்கு மேனேஜர்தான் முதலிடம், காரணம் அது நினைவில் வைத்துக்கொள்வதல்ல. தளத்தின் முகவரி ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது பாஸ்வேர்டை நிரப்பாமல் நின்றுவிடும், வழக்கமாக நிரப்புவது இன்று ஏன் நிரப்பவில்லை என்ற அந்தத் தடங்கலே எச்சரிக்கை. பிட்வார்டன் என்ற மேனேஜர் இலவசமாகவே கிடைக்கிறது, ஆப்பிளும் கூகலும் தங்கள் ஃபோனிலேயே ஒன்று வைத்திருக்கின்றன. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு பெட்டகங்களின் பிரதிகள் திருடுபோனதும் உண்மை. அவற்றிலிருந்த பாஸ்வேர்டுகள் பூட்டிய நிலையில்தான் போயின, ஆனால் பெட்டகத்தையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தவர்களுக்கு அது பெரிய ஆபத்து. மேலே சொன்ன நீளமான சொற்றொடரை இந்த ஓர் இடத்துக்காகவே சேமித்து வையுங்கள்.

இரண்டாவது பூட்டுக்கு வருவோம். எஸ்எம்எஸ் ஓடிபி எதுவுமே இல்லாததைவிடப் பரவாயில்லை, ஆனால் போலிப் பக்கத்தில் அதையும் கேட்பார்கள், நாமும் அடிப்போம். ஆண்ட்ராய்டு ஃபோனில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி ஏற்றச் சொல்லி, எஸ்எம்எஸ்ஸை நேரடியாகப் படித்த மோசடிகளும் இங்கே நடந்தன. 2024 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், டிஜிட்டல் டோக்கன் (வங்கிச் செயலியிலேயே நுழைவை உறுதிசெய்யும் வசதி) வைத்திருப்பவர்கள் வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபியைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது சும்மா இல்லை.

நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. ஊரில் உள்ள வங்கிக் கணக்கின் ஓடிபிக்காகவே இந்திய சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்! மறுபக்கம், வொர்க் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போகிறவர் சிங்கப்பூர் எண்ணை விட்டுவிடுகிறார், கொஞ்ச காலம் கழித்து அந்த எண் வேறு ஒருவருக்குப் போகிறது, ஊருக்குப் போனவரின் மின்னஞ்சலும் ஃபேஸ்புக்கும் இன்னும் அந்த எண்ணைத்தான் நம்பிக்கொண்டிருக்கும். விமானம் ஏறுவதற்கு முன்பே எல்லாக் கணக்கிலும் எண்ணை மாற்றிவிடுங்கள். ஆதென்டிகேட்டர் செயலி இங்கே எஸ்எம்எஸ்ஸை எளிதாக வெல்கிறது: எந்த சிம்மும் வேண்டாம், நெட்கூட வேண்டாம், பொதுவாக 30 விநாடிக்கு ஒரு புது எண் காட்டும். ஆனால் அந்த எண்ணையும் போலிப் பக்கத்தில் அடித்தால், அதே விநாடியில் அவர்கள் உண்மையான தளத்தில் பயன்படுத்திவிட முடியும்.

என் கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொல்வது, பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீ ஒன்றுதான். ஆப்பிள், கூகல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2022இல் இதற்கு ஆதரவை அறிவித்தன. விரலையோ முகத்தையோ காட்டுகிறீர்கள், ரகசியச் சாவி உங்கள் பக்கமே இருக்கும், தளத்திடம் இருப்பது அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டும். தளத்தில் கசிவு ஏற்பட்டாலும் திருடனுக்கு உதவாது. முக்கியமாக, அந்தச் சாவி எந்த முகவரிக்காக உருவானதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும், நீங்கள் முழுதாக ஏமாந்து நின்றாலும் போலிப் பக்கத்துக்குக் கொடுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. குறை? எல்லாத் தளங்களிலும் இன்னும் இல்லை, அப்புறம் ஃபோன் தொலைந்தால் மீட்க உங்கள் கூகல் அல்லது ஆப்பிள் கணக்கு திறந்தாக வேண்டும். ஃபோனின் திரைப்பூட்டு எண்ணே இப்போது உங்கள் வீட்டுச் சாவி. அதுவும் அரசாங்கச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸின் ஆறு இலக்க எண்ணும் பிறந்த தேதியாக இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

ஒரே நாளில் எல்லாம் செய்ய முடியாது என்றால் மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு அங்கேதான் வருகிறது. அதற்குப் பாஸ்கீ போடுங்கள், ஃபோன் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஓர் ஓட்டை இருக்கிறது: போலீஸ் என்று சொல்லி ஒருவர் மிரட்ட, நீங்களே உள்ளே போய்ப் பணத்தை அனுப்பினால் பாஸ்கீயும் தடுக்காது. அதற்கு டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூன்றும் 2023 நவம்பரில் கொண்டுவந்த மனி லாக் வசதி இருக்கிறது, பூட்டிவைத்த தொகையை இணையம் வழியாக யாராலும், உங்களாலும், அனுப்ப முடியாது. சேமிப்பின் பெரும்பகுதியை அதில் போட்டுவிடுங்கள், சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேளுங்கள்.