செட்டிநாட்டுக் காற்றுக்கு எந்தப் பட்டர்? நான்கு தட்டுகளை ஒரு வருடம் எறிந்து பார்த்ததில்

பறக்கும் தட்டைக் கூடைக்குள் எறியும் ஆட்டம் டிஸ்க் கால்ஃப், அதில் கடைசியாகக் கூடைக்குள் போடும் தட்டு பட்டர். அதை வாங்கலாம் என்று தேடினால் கண்ணில் படும் விமர்சனங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஸ்வீடனிலோ ஃபின்லாந்திலோ ஆடுகிறவர்கள் எழுதியவை. குளிரில் பிளாஸ்டிக் கல்லாகிவிடும், கை விறைக்கும், அதனால் மெத்தென்ற தட்டாக வாங்குங்கள் என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. காரைக்குடிப் பக்கம் பொட்டலிலும் வற்றிய கண்மாயிலும் ஆடுகிற நமக்கு வெயில், வியர்வை, காற்று, செம்மண் புழுதி நான்கையும் தாங்குகிற தட்டு வேண்டும். அந்தக் கணக்கில்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. கால்ஃபில் குழி இருக்கும் இடத்தில் இங்கே சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. அந்தக் கூடைக்கு எட் ஹெட்ரிக் 1977இல் காப்புரிமை வாங்கினார். தட்டுகளில் தூரத்துக்கு டிரைவர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கூடையை நெருங்கிய பிறகு பட்டர். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வந்துவிட்டால் எறிந்த வேகத்தில் முன்னால் காலை வைக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே தடுமாறாமல் நின்று காட்ட வேண்டும் என்பது விதி. ஓடி வந்து எறிகிற பலம் இல்லாததால் எல்லாமே மணிக்கட்டிலும் விரலிலும்தான் இருக்கிறது. அதனால் பட்டரில் பிடிமானம் கொஞ்சம் பிசகினாலும் தட்டு கூடைக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

தட்டின் மேல் நான்கு எண்கள் போட்டிருப்பார்கள்: வேகம், மிதப்பு, தொடக்கத்தில் வலப்பக்கம் திரும்பும் அளவு, முடிவில் இடப்பக்கம் சாயும் அளவு (வலக்கைக்காரர் பேக்ஹேண்டாக, அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து, எறிந்தால்). பட்டருக்கு நான் முதலில் பார்ப்பது இரண்டாவது எண்ணைத்தான். மிதப்பு அதிகம் என்றால் தட்டு காற்றில் நிற்கும். காற்று இல்லாத இடத்தில் அது வரம்.

எங்கள் கூடை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்தது, சங்கிலி ஹார்டுவேர் கடையில் எடை போட்டு வாங்கியது. தட்டுகள் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் கொண்டுவந்தவை. நான்கு வகை: இன்னோவா ஏவியர், டைனமிக் டிஸ்க்ஸ் ஜட்ஜ், ஆக்ஸியம் என்வி, காஸ்டபிளாஸ்ட் பெர்க். ஆடியில் தொடங்கி அடுத்த ஆனி வரைக்கும் நானும் சித்தப்பா மகனும் அக்கா மகளும் மாறி மாறி எறிந்தோம்.

ஏவியர் ரொம்பக் காலமாக இருக்கும் தட்டு. எண்கள் 2, 3, 0, 1. இதில் பெரிய பீட் வைத்த வகையும் உண்டு. பீட் என்றால் விளிம்பின் அடியில் ஓடும் சின்ன உருண்டை வரம்பு, எவர்சில்வர் தட்டின் ஓரம் சுருட்டியிருக்குமே அது மாதிரி. அந்தப் பெரிய பீட் வகையில் வரும் கேசி ஏவியரின் கேசி, 12 முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோவின் பெயர் எழுத்துகள். எங்களிடம் இருப்பது பெரிய பீட் இல்லாத, டிஎக்ஸ் என்ற சாதாரணப் பிளாஸ்டிக்கில் வரும் ஏவியர். விலை குறைவு, கையில் ஒட்டும், போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகும். அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது, அவள் சின்னக் கைக்கு இதுதான் அடங்கியது, வேறு எதையும் தொட மறுக்கிறாள். டிஎக்ஸ் மாதிரி அடிப்படைப் பிளாஸ்டிக் சரளைக் கல்லில் உரசினால் சீக்கிரம் ஓரம் தேயும், தேயத் தேயப் பறப்பதும் மாறும். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் முதல் தட்டுக்கு இதைவிட நல்லது இல்லை.

ஜட்ஜ் மேல் எனக்குத் தனிப் பிரியம். எண்கள் 2, 4, 0, 1. சிறிய பீட் உண்டு, விரல் போய் உட்காரும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும். ஐப்பசி மழையில் வெளியே போக முடியாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து பெரிய வீட்டு வளவுக்குள் வைத்தோம். ஆத்தங்குடிக் கல்லுக்கு அடிபடக் கூடாது என்று அப்பத்தா கூடைக்கு அடியில் சாக்கை விரித்த பிறகுதான் ஆட விட்டார்கள். நாலு பக்கமும் சுவர், பேருக்குக்கூடக் காற்று இல்லை. அங்கே ஜட்ஜைக் கொஞ்சமாகத் தள்ளிவிட்டால் போதும், தானாக மிதந்து போய்ச் சங்கிலியில் தொங்கும். ஏழு மீட்டரிலிருந்து பத்துக்கு எட்டு, ஒன்பது விழுந்தது. அந்த மாதம் கேட்டிருந்தால் ஜட்ஜைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள் என்று எழுதியிருப்பேன்.

ஆனால் ஆடியில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் ஊரில் மிதப்பு 4 என்பது வேறு கதை. எதிர்க்காற்று தட்டின் அடியில் புகுந்து தூக்கிவிடும், பின்காற்று மேலிருந்து அமுக்கிவிடும். கண்மாய்க் கரையில் நின்று எறிந்த ஜட்ஜ் கூடைக்கு மேலே ஒரு முழம் எழும்பிப் போய்க் கருவேல முள்ளுக்குள் விழுந்ததை எத்தனை தடவை குச்சி வைத்து எடுத்திருப்போம்!

அங்கேதான் பெர்க். எண்கள் 1, 1, 0, 2. ஸ்வீடன் தட்டு, அந்த மொழியில் பெர்க் என்றால் மலை, பேருக்கு ஏற்ற மாதிரி மிதக்காது. மேல்பக்கம் கட்டைவிரல் வைக்க ஒரு வளையத் தடம் போட்டிருக்கிறார்கள், வியர்த்த கையிலும் விரல் வழுக்காமல் நிற்கிறது. முதல் வாரம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஜட்ஜுக்குக் கொடுக்கும் பலத்தைக் கொடுத்தால் கூடைக்கு முன்னாலேயே பொத்தென்று விழுந்தது. பலம் கூட்டி, சங்கிலியின் நடுவைப் பார்த்து நேராகக் குத்துகிற மாதிரி எறியப் பழக இரண்டு வாரம் ஆனது. பழகிய பிறகு, காற்று அடிக்கிறதா இல்லையா என்று புழுதியைத் தூவிப் பார்க்கும் வழக்கமே விட்டுப்போனது. தவறினாலும் கூடையின் காலடியில்தான் கிடக்கும், அடுத்ததை நின்று போட்டுவிடலாம். முப்பதடி தாண்டி ஓடிப்போய்த் திரும்பவும் நடுக்கத்தோடு எறிகிற வேலை இல்லை. எனக்கு இது பெரிய விஷயம்.

என்வி பற்றி நான் அதிகம் சொல்லக் கூடாது, ஏனென்றால் எங்கள் வட்டத்தில் அதை முழுதாகப் பயன்படுத்தியது சித்தப்பா மகன் மட்டும்தான். வேகம் 3, பீட் கிடையாது. விளிம்பில் வேறு கனமான பிளாஸ்டிக்கை வார்த்திருப்பதால் எடை ஓரத்தில் நிற்கிறது. 2021 உலகப் போட்டியில் கடைசிக் குழியில் ஜேம்ஸ் கான்ராட் 247 அடியிலிருந்து நேரே கூடைக்குள் போட்டு, பிறகு பால் மெக்பெத்தை முந்திப் பட்டம் வாங்கினாரே, அவர் கையிலிருந்து போனது என்விதான். அது ஒரு குறிப்புத் தருகிறது: தூரத்திலிருந்து கூடைப் பக்கம் கொண்டுவர என்வி அருமை. ஏழெட்டு மீட்டரில் நின்று போட எனக்கு ஜட்ஜும் பெர்க்கும் போதும்.

பிளாஸ்டிக் பற்றி ஒரு வார்த்தை. மெத்தென்ற வகை நம் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் இருந்தால் வடகம் மாதிரி வளைகிறது. கொஞ்சம் கெட்டியான வகையாக, ஆனால் பளபளப்பில்லாத அடிப்படைப் பிளாஸ்டிக்காகக் கேட்டு வாங்குங்கள். வியர்வைக்குப் பழைய கண்டாங்கித் துணி ஒரு முழம் இடுப்பில் இருக்கட்டும், துண்டைவிட நன்றாக இழுக்கிறது. அப்புறம் எடை. ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் 174 கிராம் கேட்டேன், வந்தது 165. திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். அதைக் காற்றில் எறிந்து பார்த்தபோதுதான் ஒன்பது கிராம் என்ன செய்யும் என்று புரிந்தது. பார்சல் வந்ததும் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

இப்போது என் பையில் பெர்க் ஒன்றும் ஜட்ஜ் ஒன்றும் இருக்கின்றன. ஜட்ஜ் மார்கழிக் காலைக்கும் வளவுக்கும். பொங்கலுக்கு வரும்போது இன்னும் இரண்டு பெர்க், கே3 என்ற அடிப்படைப் பிளாஸ்டிக்கில், 173 கிராமுக்குக் குறையாமல் கொண்டுவரச் சொல்லி அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.